சோடியத்தின் மஞ்சள்

பதினோராம் வகுப்பு வேதியியலில் செயலுறு அணுக்கரு மின்சுமை என்ற தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை. பாடத்தில் பொய் எதுவும் இல்லை. அணுக்கருவில் இத்தனை புரோட்டான், உள்கூடுகளில் இத்தனை எலக்ட்ரான், அதிலிருந்து இதைக் கழி, வெளி எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் மின்சுமை இவ்வளவு. கணக்கு சரி, விடையும் சரி. ஆனால் புத்தகத்தை மூடும் பிள்ளையின் மனதில் ஒரு படம் தங்கிவிடுகிறது பாருங்கள், அதுதான் உறுத்தல். உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் சுவராக நின்று அணுக்கருவின் இழுப்பை வெளியே போகவிடாமல் தடுக்கின்றன என்கிற படம். அணுவில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அந்தப் படத்தோடு கல்லூரிக்குப் போகிறவர்கள் அதற்கப்புறம் வரும் எல்லாவற்றையும், தனிம வரிசை அட்டவணை ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது உட்பட, மனப்பாடமாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாலையில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்மண்டபம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள். போன வருடம் அவர்களில் ஒருத்தி, காசிமேட்டுப் பெண், உள் எலக்ட்ரான்களுக்காக எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்லேட்டர் விதிக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடை சரியாகத்தான் இருந்தது. என்னம்மா என்று கேட்டேன்.

“அக்கா, கடலோரம் கல்லு கொட்டி வெச்சிருக்காங்கல்ல, உள்ள இருக்கிற எலக்ட்ரான் அந்த மாதிரின்னு ஸ்கூல்ல சொன்னாங்க. ஆனா கல்லுல அலை அடிச்சா கல்லே சரியுது, அதான் திரும்பத் திரும்பக் கொட்டறாங்க. அலையோட வேகம் கல்லுல போயிடுது. இங்க அந்த இழுப்பு எங்கக்கா போகுது?”

துறைமுகம் வந்த பிறகு அதற்கு வடக்கே கரை அரிக்கத் தொடங்கி, ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை பல இடங்களில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே கல் கொட்டித்தான் குடியிருக்க வேண்டும் என்று ஆகிப்போன கரை இது. கல் அலையைத் தாங்கினால் கல்லுக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்றைத் தடுத்தால் தடுக்கப்பட்டது எங்கேயாவது போயாக வேண்டும் என்பது அவள் தினமும் பார்க்கும் விஷயம். எனக்கோ இத்தனை காலம் உறுத்தலாக மட்டுமே இருந்த ஒன்றுக்கு அவள் ஒரு நேர்க்கேள்வியைக் கொடுத்துவிட்டாள். மறைந்த இழுப்பு எங்கே?

எங்கேயும் போகவில்லை

சோடியத்தையே எடுத்துக்கொண்டேன். அணுக்கருவில் 11 புரோட்டான்கள். உள்கூடுகளில் 10 எலக்ட்ரான்கள், வெளியே ஒன்று. அந்த ஒன்றை 11 புரோட்டான்களும் முழுதாக இழுக்கின்றன. நடுவே என்ன இருந்தாலும் அந்த விசையில் இம்மி குறைவதில்லை. அதே சமயம் உள்ளே இருக்கும் 10 எலக்ட்ரான்களும் வெளியே இருப்பதைத் தள்ளுகின்றன. இழுப்பு தனி, தள்ளல் தனி, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்து மிச்சம் இவ்வளவு என்று கணக்கெழுதுவது நாம். அணுக்கருவின் மின்சுமை சோடியத்தில் எப்போதும் 11தான். அது குறைந்து ஸ்லேட்டர் விதிப்படி வரும் 2.2 ஆகிவிட்டது என்று ஒரு பிள்ளை நினைத்தால், அந்த நினைப்பைத் திருத்தாமல் அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி.

தள்ளல் எவ்வளவு என்பதற்கு ஒரு பழைய, அழகான விதி இருக்கிறது. கோள வடிவ ஓடு ஒன்றுக்கு வெளியே நின்றால், அந்த ஓடு முழுவதும் மையப் புள்ளியில் குவிந்திருந்தால் எவ்வளவு விசை இருக்குமோ அவ்வளவு. ஓட்டுக்கு உள்ளே நின்றால் அந்த ஓட்டால் விசையே கிடையாது. எல்லாத் திசையிலிருந்தும் வருவது ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஈர்ப்பு விசைக்காக நியூட்டன் 1687-இல் நிறுவிக் காட்டியது இது. தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிற எந்த விசைக்கும் பொருந்தும், ஆகவே மின்விசைக்கும் பொருந்தும். இதை அணுவுக்குள் கொண்டுவந்தால் மூடியிருந்தது திறந்துகொள்ளும். பத்து எலக்ட்ரான்களின் மேகத்துக்கு வெகு வெளியே நிற்கும் எலக்ட்ரானுக்கு 11-இல் 10 போக மிச்சம் 1. அதே எலக்ட்ரான் அந்த மேகத்தையெல்லாம் தாண்டி அணுக்கருவை ஒட்டி வந்துவிட்டால், மேகம் முழுவதும் இப்போது அதற்கு வெளியே இருக்கிறது, தள்ளல் இல்லை, 11-உம் முழுதாகக் கிடைக்கும். நடுவில் எங்கே இருந்தாலும், அந்த இடத்துக்கு உள்ளே எவ்வளவு மேகம் இருக்கிறதோ அவ்வளவுதான் கழியும். ஆக, செயலுறு மின்சுமை என்பது ஒற்றை எண்ணே இல்லை. அணுக்கரு அருகில் 11-இல் தொடங்கி, தொலைவில் 1-இல் போய் முடிகிற ஒரு வளைவு. எலக்ட்ரான் எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த வளைவிலிருந்து அதற்கு ஒரு சராசரி கிடைக்கிறது.

ஹீலியம் இன்னும் பளிச்சென்று சொல்லும். அங்கே இரண்டே எலக்ட்ரான்கள், இரண்டும் ஒரே ஆர்பிட்டாலில், அதாவது ஒரே வடிவ மேகத்தில். உள்ளே யாரும் இல்லை, வெளியே யாரும் இல்லை. எது சுவர், எது வெளியாள்? ஆனாலும் மறைப்பு, அதாவது மற்ற எலக்ட்ரானின் தள்ளலால் இழுப்பு குறைந்ததுபோல் தெரிவது, இருக்கிறது. ஓர் எலக்ட்ரான் மற்றதற்கு எந்தக் குறுக்கீடும் செய்யவில்லை என்றால் ஹீலியத்திலிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்க 54.4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) தேவைப்பட வேண்டும். ஒரு புரோட்டானை முற்றாகச் சரிக்கட்டிவிட்டது என்றால் ஹைட்ரஜனைப் போல 13.6 போதும். உண்மையில் தேவைப்படுவது 24.6. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ. ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது வெளியே, அது உள்ளே வரும்போது இது வெளியே என்று மாறி மாறி இருப்பதன் சராசரி அது. போவது வருவது என்பதெல்லாம் பேச்சு வசதிக்காகச் சொல்வது. இரண்டு மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்திருக்கின்றன என்பதே சரி. எப்படிச் சொன்னாலும் சுவருக்கு இங்கே இடமில்லை.

மூன்று எண்கள்

இதுவரை சொன்னதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டார்களா என்றால் பாதிதான். அந்தக் காசிமேட்டுப் பெண், “அதுவும் கழிக்கிறதுதான், இதுவும் கழிக்கிறதுதானேக்கா” என்றாள். நியாயம். தடுத்தாலும் 10 போகும், தள்ளினாலும் 10 போகும். விடை ஒன்றாக வரும்போது எந்தப் படம் சரி என்று எதை வைத்துச் சொல்வது? இரண்டு படங்களும் வேறு வேறு விடை தருகிற ஓர் இடம் வேண்டும். அடுத்த வகுப்புக்குள் அதைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.

சோடியத்தின் வெளி எலக்ட்ரான் சாதாரணமாக 3எஸ் ஆர்பிட்டாலில் இருக்கும் (3 என்பது கூட்டு எண்; எஸ், பி, டி என்பவை மேகத்தின் வடிவங்கள்). அங்கிருந்து அதை முழுதாகப் பிய்த்தெடுக்க 5.14 எலக்ட்ரான் வோல்ட். வெப்பமோ மின்சாரமோ கொடுத்து அதை 3பி-க்கு ஏற்றிவிட்டால், அங்கிருந்து பிய்க்க 3.04 போதும். 3டி-க்கு ஏற்றினால் 1.52. இவை நிறமாலையில் அளந்து கண்ட எண்கள், யாருடைய விதியிலிருந்தும் வந்தவை அல்ல. ஹைட்ரஜனில் மூன்றாம் கூட்டின் மூன்று ஆர்பிட்டால்களுக்கும் ஒரே எண்தான், 1.51. பலகையில் இந்த நான்கையும் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் செயலுறு மின்சுமை என்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஆற்றல் என்பது 13.6-ஐ மின்சுமையின் வர்க்கத்தால் பெருக்கி, கூட்டு எண்ணின் வர்க்கமான 9-ஆல் வகுத்தது. திருப்பிப் போட்டால் மின்சுமை கிடைத்துவிடும். போனில் வர்க்கமூலம் போட்டார்கள். 3எஸ்-க்கு 1.84. 3பி-க்கு 1.42. 3டி-க்கு 1.00.

அணுக்கரு அதே அணுக்கரு, 11. உள்ளே இருப்பவை அதே 10 எலக்ட்ரான்கள். ஒரு சுவர்தான் தடுக்கிறது என்றால், அதே சுவருக்கு அப்பால் நிற்கும் அதே எலக்ட்ரானுக்கு மூன்று வேறு விடைகள் வரக் கூடாது. மாறியது வெளியே இருப்பதன் வடிவம் மட்டும்தான். 3எஸ் மேகத்தின் பெரும்பகுதி வெளியே இருந்தாலும், அதில் சிறு பங்கு உள்கூடுகளுக்குள்ளும் இருக்கிறது, அணுக்கரு இருக்கும் புள்ளியில்கூட அது பூஜ்யம் ஆவதில்லை. அந்தச் சிறு பங்கு 11-க்கு நெருக்கமான மின்சுமையை உணர்கிறது, சராசரி 1.84 வரை ஏறுகிறது. 3பி அணுக்கருவில் பூஜ்யம், ஆனாலும் உள்கூட்டுப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். 3டி உள்ளே வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம்; அதனால்தான் அதற்கு அச்சு அசலாக ஹைட்ரஜனின் எண்ணே வந்து நிற்கிறது. “அப்போ விஷயமே உள்ள இருக்கிறதுல இல்லக்கா, வெளிய இருக்கிறது எவ்ளோ உள்ள வருதுங்கிறதுலதான் இருக்கு” என்றாள் அவள். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

அப்போதுதான் பலகையில் இருந்த முதல் இரண்டு எண்களைக் கழித்துப் பார்த்தோம். 5.14-இல் 3.04 போக 2.10. 3பி-யில் இருக்கும் எலக்ட்ரான் 3எஸ்-க்கு இறங்கும்போது வெளியே விடும் ஒளியின் ஆற்றல் அது. அலைநீளமாக மாற்றினால் சுமார் 589 நானோமீட்டர். மஞ்சள். உப்புப் போட்டுக் கொதிக்கும் சோறு பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகிறதே, அந்த மஞ்சள். நுணுக்கமாகப் பார்த்தால் 589.0, 589.6 என்று இரண்டு கோடுகள். எலக்ட்ரானின் தற்சுழற்சியால் வருவது, அது தனிக் கதை. ஹைட்ரஜனில் 3எஸ்-உம் 3பி-யும் ஒரே உயரத்தில் இருப்பதால் அவற்றுக்கு நடுவே இப்படி ஒரு ஒளி பிறக்கவே வாய்ப்பில்லை. சோடியத்தில் பத்து எலக்ட்ரான்கள் உள்ளே இருக்கின்றன, வெளியே இருப்பது எஸ்-ஆக இருக்கும்போது ஒரு அளவும் பி-ஆக இருக்கும்போது இன்னொரு அளவும் அவற்றுக்குள் புகுகிறது, அந்த வித்தியாசம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. மறைப்பு விளைவைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று யாராவது கேட்டால் இனி நான் அடுப்பைக் காட்டுவேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் எண்ணூர் விரைவுச் சாலையில் இரவெல்லாம் சோடியம் விளக்குதான். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், அவற்றின் மேலெல்லாம் அந்தப் பொன்மஞ்சள் படிந்திருக்கும். தெருவிளக்கின் நிறம் அடுப்பின் மஞ்சளிலிருந்து கொஞ்சம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயர் அழுத்த விளக்கில் சோடியம் ஆவி நெருக்கமாக இருக்கும். நடுவில் இருக்கும் அணுக்கள் விடும் 589-ஐ ஓரத்தில் இருக்கும் அணுக்கள் விழுங்கிவிடும், அதன் இருபக்கமும் பரவிய ஒளிதான் வெளியே வரும். எங்கள் தெருவில் இப்போது வெள்ளை எல்.இ.டி. இந்தப் பிள்ளைகளில் சின்னவர்களுக்கு மஞ்சள் தெருவிளக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. எனக்கு அது வருத்தம்தான், பாடம் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. சோடியம் விளக்கையும், எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவையான அயனியாக்கும் ஆற்றலையும் நான் வெவ்வேறு வயதில் வெவ்வேறு பாடமாகப் படித்தவள். இரண்டும் ஒரே பலகையில், ஒரு கழித்தலில் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

ஸ்லேட்டர் கணக்கில் மஞ்சள் இல்லை

இதைச் சொன்னதும் ஒரு பையன் கேட்க வேண்டியதைக் கேட்டான். ஸ்லேட்டர் விதிப்படி 2.2 தானே வந்தது, இப்போது 1.84 என்கிறீர்களே? சரி, அதையும் பார்ப்போம் என்றேன். விதிப்படி, இரண்டாம் கூட்டின் 8 எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றுக்கும் 0.85, முதல் கூட்டின் 2 எலக்ட்ரான்களுக்கு ஒவ்வொன்று. மொத்தம் 8.8. 11-இல் கழித்தால் 2.2. இப்போது 3பி-க்குப் போட்டுப் பாருங்கள் என்றேன். ஸ்லேட்டர் எஸ்-ஐயும் பி-ஐயும் ஒரே குழுவில் வைக்கிறார், அதற்கும் அதே 2.2. மின்சுமை ஒன்று, கூட்டு எண் ஒன்று, ஆற்றலும் ஒன்று. இறங்குவதற்குப் படியே இல்லை. அந்த விதிப்படி சோடியம் மஞ்சளாக ஒளிரவே கூடாது. 3டி-க்கு மட்டும் உள்ளே இருப்பவை எல்லாமே முழு 1 என்று எடுத்துக்கொள்கிறார், 11-இல் 10 போக 1, அது அளவீட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதற்காக ஸ்லேட்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அந்த விதிகளை வெளியிட்டது 1930-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பு டக்ளஸ் ஹார்ட்ரீ, ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரி மேகத்துக்குள் இருப்பதாக வைத்து, மேகத்துக்கும் புலத்துக்கும் முரண்பாடு இல்லாமல் போகும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்திருந்தார். கையால் இயக்கும் கணக்குப் பொறியில் செய்ய வேண்டிய அசுர உழைப்பு அது. பின்னாளில் அவருடைய தந்தை வில்லியமும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொடுத்தார். அந்த உழைப்பு இல்லாமல், ஒரு துண்டுக் காகிதத்தில், எந்த அணுவுக்கும் ஏறக்குறைய சரியான மேகம் ஒன்றை எழுத ஸ்லேட்டர் வழி செய்தார். அதற்காக அவர் எஸ் மேகத்தின் உள்மடிப்புகளை விட்டுவிட்டு, வெளிப்பகுதிக்குப் பொருந்தும் எளிய வடிவத்தை எடுத்துக்கொண்டார். தெரிந்தே செய்த எளிமை. 1963-இல் கிளெமென்டியும் ரைமோண்டியும் கணினி வைத்துப் போட்டபோது சோடியத்தின் 3எஸ்-க்கு 2.51 வந்தது. ஆக ஒரே எலக்ட்ரானுக்கு 2.2, 2.51, 1.84 என்று மூன்று விடைகள். எதுவும் தப்பு இல்லை. முன்னிரண்டும் மேகத்தின் வடிவத்துக்கு எது பொருந்தும் என்ற கேள்விக்கு விடை, மூன்றாவது அதைப் பிய்க்க எவ்வளவு ஆற்றல் என்ற கேள்விக்கு விடை. வளைவு ஒன்று, அதை எந்த நோக்கத்துக்காகச் சராசரி எடுக்கிறோம் என்பது வேறு வேறு. என் சண்டை எல்லாம், இந்த 2.2-ஐ அணு எண் மாதிரி அணுவுக்குள்ளேயே எழுதிவைத்த ஒன்றாக நினைக்க வைக்கும் பாடத்தோடும் வினாத்தாளோடும்தான்.

சுவர்ப் படத்தை விரும்புகிறவர்கள் சொல்லும் ஒரு வாதம் உண்டு. அட்டவணையின் ஒரு தொகுதியில், அதாவது செங்குத்து வரிசையில், கீழே போகப் போக அயனியாக்கும் ஆற்றல் குறைவதை அது எளிதாக விளக்குகிறதே என்பார்கள். கூடுகள் கூடுகின்றன, மறைப்பு கூடுகிறது, ஆற்றல் குறைகிறது. சோடியத்துக்கு 5.14, பொட்டாசியத்துக்கு 4.34. குறைகிறது, உண்மை. பொட்டாசியத்தின் 4எஸ் எலக்ட்ரானுக்கும் அதே மாதிரி மின்சுமை கண்டுபிடிக்கச் சொன்னேன். கூட்டு எண் இப்போது 4. விடை 2.26. சோடியத்தின் 1.84-ஐவிட அதிகம். உள்ளே இருப்பவை 10-இலிருந்து 18 ஆகியிருக்கின்றன, சுவர் தடித்திருக்கிறது, ஆனால் வெளியாளுக்குக் கிடைக்கும் மின்சுமை கூடியிருக்கிறது! புரோட்டான்களும்தான் 11-இலிருந்து 19 ஆகிவிட்டனவே. ஆற்றல் குறையக் காரணம் எலக்ட்ரான் தள்ளி இருப்பது. ஸ்லேட்டர் விதிப்படிப் போட்டாலும் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் அதே 2.2 வருகிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. வழக்கமான அந்த ஒருவரி விடைக்கு மதிப்பெண் கிடைக்கலாம். அதில் சொல்லப்படும் காரணம் நிற்காது.

பொட்டாசியத்தை விடுவதற்கு முன் இன்னொன்றும் செய்தோம். பத்தொன்பதாவது எலக்ட்ரான் ஏன் 3டி-க்குப் போகாமல் 4எஸ்-க்குப் போகிறது என்பதைப் பிள்ளைகள் குறுக்கு அம்புகள் போட்டு மனப்பாடம் செய்திருந்தார்கள். ஹைட்ரஜனில் 3டி ஆழம் (அங்கிருந்து பிய்க்கத் தேவையான ஆற்றல்) 1.51, 4எஸ் வெறும் 0.85. அங்கே 3டி-தான் கீழே. பொட்டாசியத்தில் 4எஸ் 4.34, 3டி 1.67. தலைகீழ். மின்சுமையாகப் பார்த்தால் 4எஸ்-க்கு 2.26, 3டி-க்கு 1.05. உள்ளே வராத 3டி ஏறக்குறைய ஹைட்ரஜனாகவே நின்றுவிட்டது, உள்ளே புகும் 4எஸ் அதைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. அட்டவணையின் நான்காம் வரிசை பொட்டாசியம், கால்சியம் என்று தொடங்கி, ஸ்காண்டியத்தில்தான் டி-க்கு இடம் கொடுக்கிறது என்றால், ஒவ்வொரு மேகமும் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதே காரணம். ஸ்காண்டியம் வந்தபின் 3டி-யும் உள்ளே சுருங்கி எப்படி ஆழம் பெறுகிறது என்பதைச் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் வீட்டுக்குப் போகும் நேரம் ஆகிவிட்டது.

பாடப்புத்தகத்தில் ஸ்லேட்டர் விதி இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு முந்தின பக்கத்தில் சோடியத்தின் 5.14, 3.04, 1.52 ஆகிய மூன்றையும், ஹைட்ரஜனின் 1.51-ஐயும் ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டால் போதும். அரைப் பக்கம்கூட ஆகாது. சேர்க்கும் அதிகாரம் உள்ளவர்கள் இதைப் படித்தால் யோசித்துப் பாருங்கள். அது நடக்கிறவரை எங்கள் மாடியில் இந்த வருடம் அந்த நான்கு எண்களிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன், ஸ்லேட்டர் அதற்கப்புறம்தான்.